வெள்ளவத்தையில் ஆண்மை பற்றி ஒரு பாடநெறி: ஒரு மதிப்பீடு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடி மண்டபமொன்றில் சனிக்கிழமை பின்னேரங்களில் நடைபெறும் பத்து வாரப் பாடநெறி ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். ஆண்மை என்று நாம் சொல்வது எது, அது ஒருவனுடைய மனத்தில் எப்படிக் குடியேறுகிறது, சமூகம் அதை ஆண்களுக்கிடையே எப்படிப் பங்கிட்டுக் கொடுக்கிறது என்பவற்றை உளவியல், சமூகவியல் ஆகிய இரு துறைகளின் வழியாகவும் தமிழிலேயே கற்பிக்கும் முயற்சி இது. பால்நிலை பற்றிய பயிலரங்குகளுக்குக் கொழும்பில் குறைவில்லை. ஆனால் அவற்றிற் பல ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ நடப்பவை, தமிழில் நடப்பவையோ பெரும்பாலும் பெண்களுக்கென்றே ஒழுங்கு செய்யப்படுபவை. ஆண்களை அழைத்து உட்காரவைத்து, அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமலும் முதுகில் தட்டிக்கொடுக்காமலும், ஆய்வாளர்கள் எதைக் கண்டறிந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுமையாகச் சொல்லும் வகுப்பு எனக்குத் தெரிந்த வரையில் இது ஒன்றுதான். ஆகவே இதில் சேர எண்ணுவோருக்கும், இதை அடுத்த முறை நடத்தப்போகிறவர்களுக்கும் பயன்படும் வகையில் நிறை குறைகளை விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

இருவர் கற்பிக்கிறார்கள். ஒருவர் மருத்துவமனை அனுபவம் நிறைந்த உளவியலாளர், பெண். மற்றவர் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பிப்பவர், ஆண். தம் பெயர்களை முன்னிறுத்த வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கும் அவற்றைத் தவிர்க்கிறேன். கட்டணம் 7,500 ரூபா. வகுப்பில் இருபதுக்குச் சற்று மேற்பட்டோர் இருந்தோம்: ஆசிரியர்கள், வங்கி உத்தியோகத்தர்கள், பாடசாலை ஆலோசகர்கள், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர், தெமட்டகொடையிலிருந்து வந்த இளம் மௌலவி ஒருவர், புறக்கோட்டைப் புடவைக் கடையொன்றில் வேலை செய்பவர் ஒருவர், இவர்களோடு சில பெண்கள். வடக்கிலிருந்து வந்தவர், மலையகத்திலிருந்து வந்தவர், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேசும் முஸ்லிம் என இந்நகரின் பல தரப்புகள் ஒரே அறையில் இருந்தமையே இப்பாடநெறியின் முதற் சொத்து. உளவியற் பகுதி அதை மிகச் சிறப்பாகப் பயன்படுத்தியது. சமூகவியற் பகுதி உறுதியான கோட்பாட்டோடு தொடங்கியும், பேச்சு நம் வீட்டுப் பக்கம் திரும்பியபோதெல்லாம் நேரத்தைக் காரணம் காட்டி விலகிவிட்டது.

ஆண்மையை அளக்க முயன்றவர்களின் வரலாற்றிலிருந்து பாடநெறி தொடங்குவது நல்ல தெரிவு. அமெரிக்காவில் 1936இல் லூயிஸ் டெர்மனும் கதரின் கொக்ஸ் மைல்ஸும் நானூறுக்கு மேற்பட்ட வினாக்கள் கொண்ட சோதனையொன்றை வெளியிட்டார்கள். ஒரு கோட்டின் ஒரு முனையில் ஆண்மை, மறு முனையில் பெண்மை, எவராயினும் இடையில் ஏதோவொரு புள்ளியில் நிற்பார் என்பது அதன் அடிப்படை. எழுதுபவர் உண்மையான நோக்கத்தை அறிந்து விடைகளை மாற்றிவிடக் கூடாதென்பதற்காகச் சோதனைக்கு வேறொரு பெயரும் சூட்டியிருந்தார்கள். அந்த ஒற்றைக் கோட்டை 1974இல் சாண்ட்ரா பெம் உடைத்தார். 60 பண்புகள் கொண்ட அவருடைய பட்டியலில் ஆணுக்கு உரியவையாகக் கருதப்பட்டவை 20, பெண்ணுக்கு உரியவையாகக் கருதப்பட்டவை 20, பொதுவானவை 20. இரண்டையும் தனித்தனியாக அளந்ததால், ஒரே மனிதர் இரண்டிலும் உயர்ந்து நிற்க முடியும் என்பது புலனாயிற்று.

இவ்வளவும் எந்தப் பாடநூலிலும் இருப்பதுதான். ஆனால் உளவியலாளர் அப்பட்டியலை வெண்பலகையில் எழுதி, எந்தப் பண்பு எந்தப் பக்கம் வரும் என்று எங்களையே பிரிக்கச் சொன்னார். ‘பிள்ளைகளிடம் அன்புள்ளவர்’ என்பது பெண்மைப் பக்கத்தில் இருந்ததைக் கண்ட மௌலவி உடனே மறுத்தார். சிறு பிள்ளைகளிடம் இரக்கம் காட்டுவது தம் மார்க்கம் ஆணிடமிருந்தும் எதிர்பார்க்கும் பண்பு என்றார். பெம்மின் பண்புகளைத் தரம்பிரித்தவர்கள் 1970களின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் என்பதை அப்போதுதான் ஆசிரியை வெளியிட்டார். ஓர் அளவுகோலுக்குள் அதைச் செய்த ஊரும் காலமும் ஒளிந்திருக்கின்றன என்பதை விரிவுரையாகச் சொல்லாமல் எங்களையே கண்டுபிடிக்கவைத்த அந்தக் கற்பிக்கும் முறை என்னை மிகவும் கவர்ந்தது.

அடுத்த வாரங்களில் அமெரிக்க உளவியலாளர் ஜோசப் பிளெக்கின் கருத்துகள் பாடமாயின. ஆண்மை என்பது ஒருவனுக்குள் இயல்பாக விளையும் குணம் என்ற பழைய கருத்தை 1981இல் அவர் எதிர்த்தார். அது வெளியிலிருந்து சுமத்தப்படும் எதிர்பார்ப்புகளின் தொகுதி, அவற்றிற் பல ஒன்றோடொன்று முரண்படுபவை, ஆகவே அவற்றை ஏற்பவன் இறுக்கத்துக்கு ஆளாவான் என்பது அவர் வாதம். 1995இல் அந்த இறுக்கத்தை மூன்றாகப் பிரித்தார். எதிர்பார்ப்புக்கும் தன் நிலைக்கும் இடையிலுள்ள தூரம் தரும் வருத்தம் ஒன்று. எதிர்பார்ப்புக்கு ஏற்பப் பையனைப் பழக்கும்போதே அவனுக்கு ஏற்படும் காயம் இரண்டாவது. எதிர்பார்ப்பை முழுமையாக நிறைவேற்றி முடித்தவனுக்கும் அவனைச் சுற்றியிருப்போருக்கும் அந்த நிறைவேற்றத்தாலேயே விளையும் கேடு மூன்றாவது. முதலிரண்டையும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்த வகுப்பு, மூன்றாவதைக் கேட்டதும் அசையாமல் இருந்தது.

அப்போது பேசியவர் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். தந்தை இறந்தபின் கொழும்புக்கு வேலைக்கு வந்து, மாதாமாதம் காசு அனுப்பி, மூன்று தங்கைகளுக்கும் சீதனம் சேர்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டு, நாற்பதைத் தாண்டியே திருமணம் செய்துகொண்டவர். “எல்லாக் கடமையும் முடிச்சன், ரீச்சர். என்ர பிள்ளையளோட இருந்து கதைக்கத்தான் எனக்குத் தெரியாமப் போச்சு” என்றார். “உங்களை அப்படிச் செய்யச் சொன்னது ஆர், ஐயா?” என்று ஆசிரியை கேட்டார். அவர் சற்று யோசித்துவிட்டு, “ஒருத்தரும் சொல்லேல்லை. தங்கச்சிமாரின்ர வயசுதான் சொன்னது” என்றார். ஆசிரியை அதற்குமேல் எதையும் விளக்காமல், நோயின் பெயரெதையும் அவர்மேல் ஒட்டாமல், அவர் பேசி முடிக்கும் வரை காத்திருந்தார். அனுபவமுள்ள ஒருவரிடமிருந்தே அந்தப் பொறுமை வரும்.

ஆயினும் இப்பாடநெறியின் அமைப்பிலுள்ள பெருங்குறை எனக்குத் தெளிவானதும் அங்கேதான். ஒரு வாரம் உளவியல், மறு வாரம் சமூகவியல் என்று மாறிமாறி நடப்பதால் இரு ஆசிரியர்களும் ஒரே நாளில் வகுப்பில் இருப்பதில்லை. அந்த ஐயாவின் மௌனத்துக்கு மனம் ஒரு பாதிக் காரணமென்றால் சீதனமும், வடக்கிலிருந்த குடும்பம் கொழும்புச் சம்பளமொன்றை நம்பியிருந்த பொருளாதாரமும் மறு பாதிக் காரணம். அதைப் பற்றிப் பேச வேண்டியவர் அன்று அங்கில்லை. அவர் வந்த வாரத்தில் பேச்சு வேறொன்றுக்குப் போய்விட்டது. மனத்தை மட்டும் பார்த்தால் ஆண்களெல்லாரும் மூடுண்ட இதயங்களாகவே தெரிவார்கள். அமைப்பை மட்டும் பார்த்தால் ஆட்களே இல்லாத வரைபடம்தான் மிஞ்சும். இந்த இரண்டு துறைகளையும் சேர்த்துப் படிப்பதற்காகவே மக்கள் பணம் கட்டி வருகிறார்கள். எனவே ஆசிரியர்கள் இருவரும் சேர்ந்து நடத்தும் அமர்வுகள் பாதியாவது இருக்க வேண்டும்.

ஜேம்ஸ் ஓநீல் 1986இல் உருவாக்கிய, 37 கூற்றுகள் கொண்ட படிவத்தைத் தமிழில் நிரப்பிய அமர்வும் குறிப்பிடத்தக்கது. வெற்றியும் அதிகாரமும் போட்டியும் சேர்ந்த ஒரு பகுதி, உணர்ச்சிகளை அடக்கிக்கொள்ளல், பிற ஆண்களிடம் அன்பைக் காட்டத் தயங்குதல், வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான மோதல் என நான்கு பகுதிகளை அது அளக்கிறது. என் பக்கத்திலிருந்த வங்கி உத்தியோகத்தர் முதற் பகுதியை மடமடவென்று நிரப்பிவிட்டு மூன்றாவதில் பேனையை நிறுத்திவிட்டார். காரணம் கேட்டபோது, நண்பனின் தோளில் கைபோட்டு நடப்பது நமக்கு வெட்கமில்லை, ஆனால் நண்பனிடம் ‘எனக்கு நீ வேணும்’ என்று வாயால் சொல்வது நடக்காத காரியம், இதில் எதற்கு எண் போடுவது என்றார். அமெரிக்க ஆண்களை நினைத்து எழுதப்பட்ட கூற்றுகள் உடலின் நெருக்கத்தையும் சொல்லின் நெருக்கத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கின்றன. புறக்கோட்டையில் இரண்டு ஆண்கள் கைகோத்து நடப்பதை அன்றாடம் காணும் நமக்கு அவை இரண்டும் வேறு வேறு. இந்த அவதானத்தை ஆசிரியை குறித்துக்கொண்டார். அடுத்த தொகுதியினருக்குப் படிவம் திருத்தப்படும் என்று நம்புகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த அமர்வு, ஆண்மையின் நிலையாமை பற்றியது. ஜோசப் வண்டெல்லோ, ஜெனிஃபர் பொஸன் ஆகியோரும் சகாக்களும் 2008இல் முன்வைத்த கருத்து இது: பெண்மை வயதோடு தானாக வந்துவிடும் என்று பல சமூகங்கள் கருதுகின்றன, ஆண்மையோ உழைத்துச் சம்பாதிக்க வேண்டியது, சம்பாதித்தபின்னும் எந்த நேரத்திலும் பறிபோகக் கூடியது, அதனால் மற்றவர் கண்முன் மீண்டும் மீண்டும் நிரூபிக்க வேண்டியது என்று கருதப்படுகிறது. மறு ஆண்டு வெளியான அவர்களுடைய பரிசோதனை ஒன்றில் இளைஞர்களிற் சிலருக்குப் பொம்மைத் தலையில் முடி பின்னும் வேலையும், வேறு சிலருக்குக் கயிறு பின்னும் வேலையும் கொடுத்தார்கள். கைவேலை இரண்டிலும் ஒன்றுதான். பிறகு புதிர் விளையாட்டா, குத்துப்பையில் குத்துவதா என்று கேட்டபோது, முடி பின்னியவர்களே குத்துவதைக் கூடுதலாகத் தெரிந்தெடுத்தார்கள். தொடர்ந்த பரிசோதனையில் முடி பின்னியவர்கள் குத்திய விசையும் கூடுதலாக இருந்தது.

இதைச் சொல்லிவிட்டு ஆசிரியை, இங்கு முடி பின்னுவதற்கு ஈடானது எது என்று கேட்டார். பதில்கள் வரிசையாக வந்தன: மனைவியின் சம்பளம் தன்னுடையதைவிடக் கூடுவது, மாமனார் வீட்டில் போய்த் தங்குவது, பார்மசியில் எல்லாருக்கும் முன்னால் மகளுக்காகப் பேட் வாங்குவது, மச்சான்மார் முன்னிலையில் மனைவி பேச்சை வெட்டுவது, வேலை போனதை அயலுக்குச் சொல்வது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்தும் பல வாரங்கள் காலையில் வழக்கம்போல வெளிக்கிட்டுக் கடற்கரையில் போய் இருந்த உறவினரைப் பற்றி ஒருவர் சொன்னார். புறநானூற்றின் 312ஆம் பாடல் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் கடன்களைப் பங்கிட்டுவிட்டு, களிற்றை எறிந்து மீளும் கடனைக் காளைக்கு வைப்பதை ஆசிரியை இவ்விடத்தில் நினைவூட்டினார். பிறப்பதோடு முடிந்துவிடாமல், செய்து காட்டினால்தான் நிறைவேறும் ஒன்றாக ஆண்மையை நாமும் நெடுங்காலமாகக் கருதி வந்திருக்கிறோம் என்பதற்கு அது பொருத்தமான சான்று.

நோயும் சிகிச்சையும் பற்றிய அமர்வைப் பாடசாலை ஆலோசகர்களும் வைத்தியத் துறையினரும் தவறவிடக் கூடாது. சிறு வயதிலிருந்தே உணர்ச்சிகளை வெளியிட விடாமல் வளர்க்கப்படும் ஆண்களிற் பலருக்கு, தம் உள்ளத்தில் நடப்பதற்குச் சொல் தேடுவதே கடினமாகிவிடுகிறது என்பது உளவியலாளர் ரொனால்ட் லெவண்டின் கருத்து. தம்மிடம் வரும் தமிழ் ஆண்கள் துக்கம் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை என்றார் ஆசிரியை. நெஞ்சு அடைக்கிறது, நித்திரை வருவதில்லை, யோசனை கூடிவிட்டது, சட்டென்று கோபம் வருகிறது என்றே வருவார்கள், பெரும்பாலும் மனைவியோ அக்காவோ கூட்டிக்கொண்டு வருவார்கள். அமெரிக்க உளவியற் கழகம் ஆண் பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும் சிகிச்சை அளிப்போருக்கான வழிகாட்டலை 2018இல்தான் வெளியிட்டது என்பதையும், அக்கழகத்தில் ஆண்கள் பற்றிய ஆய்வுக்கென 51ஆம் பிரிவு 1995இல் உருவானதையும் சொல்லி, இத்துறை எவ்வளவு இளையது என்று உணர்த்தினார். இலங்கையின் தற்கொலை வீதம் 1990களின் நடுப்பகுதியில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 என்ற உச்சத்தில் இருந்து, கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் பெருமளவு குறைந்ததையும், இறந்தவர்களில் ஆண்களே பெரும்பான்மையினர் என்பதையும் அவர் விளக்கிய விதம் கவனமானது. முறைகளை விவரிக்கவில்லை, எவரையும் பழிக்கவில்லை. ஆண்களுக்குப் புத்தி சொல்வதைவிட ஆபத்தான பொருளைக் கைக்கெட்டாமல் வைப்பது உயிர்களைக் காத்தது என்ற உண்மையை எடுத்துக்காட்டினார். தேசிய மனநல உதவித் தொலைபேசியின் 1926 என்ற இலக்கத்தை அனைவரையும் அந்த இடத்திலேயே போனில் பதிந்துகொள்ளச் சொன்னார்.

சமூகவியற் பகுதியின் அடித்தளம் அவுஸ்திரேலியச் சமூகவியலாளரான ரேவின் கொனலின் கோட்பாடு. 1985இல் சகாக்களோடு எழுதிய கட்டுரையிலும் 1995இல் வெளிவந்த நூலிலும் அவர் நிறுவியது, ஆண்மை என்று ஒன்றே ஒன்று இல்லை, பல ஆண்மைகள் உண்டு, அவற்றுக்கிடையே மேல் கீழ் உண்டு என்பது. மேலாதிக்க ஆண்மை, அதன் பலனை மட்டும் அனுபவிக்கும் உடந்தை ஆண்மை, கீழ்ப்படுத்தப்பட்ட ஆண்மை, வர்க்கத்தாலோ இனத்தாலோ ஓரத்துக்குத் தள்ளப்பட்ட ஆண்மை என நான்கு. விரிவுரையாளர் இதைத் தெளிவாகச் சொன்னார். கொனல் பலருடைய வாழ்க்கைக் கதைகளைக் கேட்டே இம்முடிவுகளுக்கு வந்தார் என்பதையும் சொன்னார். அப்போது புறக்கோட்டைக் கடையில் வேலை செய்பவர் கையை உயர்த்தினார். ஹட்டன் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் கொழும்புக்கு வந்தவர். “சேர், எனக்கு நாப்பத்திரெண்டு வயசு. கஸ்டமர் முன்னாலயே முதலாளி என்னைய ‘டேய்’னுதான் கூப்பிடுவாரு, அவரு மகனும் அப்பிடித்தான். வீட்டுக்குப் போனா நான் சொல்றதுதான் சட்டம். அப்ப இந்த நாலுல நான் எது சேர்?”

கடையில் ஒன்று, வீட்டில் வேறொன்று, இரண்டுமே நீங்கள்தான் என்று விரிவுரையாளர் பதிலளித்தார். பதில் சரிதான். ஆனால் அத்தோடு அடுத்த ஸ்லைட்டுக்குப் போய்விட்டது பெரும் இழப்பு. கடையில் குனிந்த ஒருவர் வீட்டில் ஏன் நிமிர வேண்டியிருக்கிறது, கடையில் இழந்ததை வீட்டில் ஈடுசெய்கிறாரா, அதன் விலையை அவருடைய மனைவி கொடுக்கிறாரா என்பவைதான் அந்தக் கேள்விக்குள் இருந்தவை. கொனலும் ஜேம்ஸ் மெசர்ஷ்மிட்டும் 2005இல் தம் கருத்தை மீள்பரிசீலனை செய்தபோது, இவற்றை நிலையான மனித வகைகளாகக் கொள்ளக் கூடாது, உள்ளூர், பிராந்தியம், உலகம் என்ற தளங்களில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். நாற்பத்திரண்டு வயதிலும் ‘டேய்’ என்று அழைக்கப்படும் மலையகத் தமிழர், அதே தெருவில் அவரை அழைக்கும் தமிழ் முதலாளி, அந்த முதலாளி தலைகுனியும் அரச அலுவலகம் என்ற படிநிலையை விளக்க, அறையிலேயே ஆள் இருக்கும்போது அவுஸ்திரேலிய உதாரணங்கள் எதற்கு?

போரைப் பற்றிய அமர்விலும் இதுவே நடந்தது. போர் ஆண்களைப் படையினராகவும் போராளிகளாகவும் ஆக்குவது பற்றிய பொதுவான விளக்கம் நன்றாக இருந்தது. ஆனால் போர்க்காலக் கொழும்பில் தமிழ் இளைஞனாக இருந்த அனுபவம் வேறு மாதிரியானது. பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, சோதனைச்சாவடி, இரவுச் சுற்றிவளைப்பு ஆகியவற்றுக்கு நடுவே, வீட்டிலிருந்த ஆண்பிள்ளையே வீட்டின் மிகப் பெரிய ஆபத்தாக இருந்தான். வகுப்பிலிருந்த ஆசிரியர் ஒருவர், தம் இருபதுகளில் பாண் வாங்கப் போவதற்கும் அம்மா துணைக்கு வந்ததைச் சொன்னார். பொலிஸில் பேசுவதும் கிராம சேவகரிடம் கடிதம் எடுப்பதும் அம்மாவின் வேலை, அறைக்குள் சத்தமில்லாமல் இருப்பது தம் வேலை. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டதும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததும் எல்லாருக்கும் தெரிந்தவை. அந்த இரவில் குடும்பத்தைக் காக்க வேண்டியவன் என்று வளர்க்கப்பட்ட ஒருவனுக்கு என்ன நேர்ந்தது என்பதை எவரும் கேட்டதில்லை. காப்பவனாக இருக்க வேண்டியவன் காக்கப்படுபவனாக ஆனபோது, அது அவனைப் பெண்களிடம் நன்றியுள்ளவனாக ஆக்கியதா, போர் முடிந்தபின் இரட்டிப்பாக அதிகாரம் செய்யத் தூண்டியதா? எந்தப் பாடநூலிலும் விடை இல்லாத இக்கேள்விக்கு அந்த அறையில் தொடக்கமாவது கிடைத்திருக்கும். நேரமாகிவிட்டது என்று அமர்வை முடித்தார்கள். இப்பாடநெறியில் எனக்கு உண்மையாகவே மனவருத்தம் தந்த இடம் இதுதான்.

தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களைப் பற்றிய பகுதியும் அவசரமாகவே கடந்தது. கொனலின் கோட்பாட்டில் கீழ்ப்படுத்தப்பட்ட ஆண்மைக்கு முதன்மை உதாரணமே அவர்கள்தான். 1883இன் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இந்நாட்டில் அவர்களைக் குற்றவாளிகளாக வைத்திருப்பதையும், அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்ததையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். ஆண்பிள்ளை ஒருவனை மற்றப் பையன்கள் கேலி செய்து ‘சரியான ஆம்பிளை’ ஆக்கும் வழிகளிற் பெரும்பகுதி இந்த அச்சத்தில்தான் தங்கியிருக்கிறது என்பதால், தலைப்பு சங்கடமானது என்று தயங்குவது பொருந்தாது.

வன்முறை பற்றிய அமர்வு, இதற்கு மாறாக, நேராகவும் நேர்மையாகவும் இருந்தது. ஆசிய பசிபிக் பிராந்தியத்தின் ஆறு நாடுகளில், இலங்கை உட்பட, 10,000க்கு மேற்பட்ட ஆண்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஐக்கிய நாடுகளின் ஆய்வையும், துணைவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் ஐந்தில் ஒருவர் என்று காட்டிய 2019ஆம் ஆண்டின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்கள ஆய்வையும் வைத்துப் பேசினார்கள். 2005இன் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை பெறுவது எப்படி என்றும் விளக்கினார்கள். அன்று பெண் பங்கேற்பாளர் ஒருவர், இவ்வளவு வாரமாக ஆண்களின் வலியைக் கேட்டதில் தனக்குக் குறையில்லை, ஆனால் அந்த வலி வேறொருவர்மீது இறங்கும் நேரத்தில் அதற்குக் கணக்கும் கேட்க வேண்டும் என்றார். பாடநெறி முழுவதிலும் சொல்லப்பட்டவற்றுள் மிகச் சரியான கூற்று அதுவே என்று நினைக்கிறேன். அவரை அடுத்த தொகுதிக்குத் துணை நடத்துநராக அழைத்தால் நல்லது.

பாடத்திட்டத்தில் சேர்க்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காலனிய ஆட்சி ஆண்மையை எப்படி வகுத்தது என்பதற்கு மிருணாளினி சின்ஹா 1995இல் வங்காளத்தை வைத்துச் செய்த ஆய்வைக் கற்பித்தார்கள்: ஆங்கிலேயன் ஆண்மை மிக்கவன், வங்காளி பெண்தன்மை கொண்டவன் என்ற கட்டமைப்பு ஆட்சிக்கு எப்படி உதவியது என்பதை அது காட்டுகிறது. கொழும்பில் இதற்கு நேரடியான பாடம் கண்முன்னே இருக்கிறது. றோயல், சென் தோமஸ் கல்லூரிகளின் துடுப்பாட்டப் போட்டி 1879 முதல் நடந்து வருகிறது. விளையாட்டு மைதானத்தில் ஆட்சியாளனுக்குரிய குணத்தை வளர்க்கலாம் என்ற விக்டோரியக் காலப் பள்ளிக்கூட நம்பிக்கை இத்தீவுக்குள் வந்த வழிகளில் அதுவும் ஒன்று. பிக் மெட்ச் காலம் வரும்போது தமிழ்ப் பாடசாலைப் பையன்களிடமும் காணப்படும் அந்த உற்சாகத்தை ஒரு வாரம் ஆராய்ந்திருந்தால் வகுப்பிலிருந்த ஆசிரியர்களுக்கெல்லாம் உதவியாக இருந்திருக்கும்.

இனி நடைமுறை விடயங்கள். மண்டபம் சுத்தமானது, மின்விசிறிகள் போதும், ஆனால் கரையோர ரயில் போகும்போது பேச்சு கேட்காது. முன்வரிசையில் இருப்பது நல்லது. போட்டோக்கொப்பியில் தரப்பட்ட வாசிப்புகள் தெளிவான தமிழில் இருந்தன. உளவியல் வாசிப்புகளை நான் வைத்திருந்து மீண்டும் படிக்கிறேன். இடைவேளையில் பிளேன்டீயும் வடையும் உண்டு, அந்தக் கால்மணி நேரத்தில் நடக்கும் பேச்சும் வகுப்பின் ஒரு பகுதி போலத்தான். சூம் வழியாகச் சேர்ந்தவர்களுக்குக் கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைக்கவில்லை; நேரில் வர முடியாதவர்களுக்கு இப்போதைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நேரம்தான் உடனடியாக மாற்றப்பட வேண்டியது. சனிக்கிழமை பின்னேரம் அலுவலக ஊழியருக்கும் ஆசிரியருக்கும் வசதி. புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் நிற்பவர்களுக்கு அது வியாபாரம் மும்முரமான நேரம். அந்த ஹட்டன்காரர் ஒவ்வொரு வாரமும் முதலாளியிடம் கெஞ்சி, சம்பளத்தில் அரைநாளை விட்டுக்கொடுத்தே வந்தார், இரண்டு வாரங்கள் வர முடியாமலும் போனது. ஞாயிறு பின்னேரத்துக்கோ பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களுக்கோ மாற்றினால் அவரைப் போன்றவர்கள் இன்னும் பலர் வருவார்கள். கட்டணச் சலுகை கேட்பவர்களுக்குக் கொடுக்கப்படுகிறது, ஆனால் விளம்பரத்தில் அது எங்கும் குறிப்பிடப்படவில்லை. கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் யார் என்பது இந்தப் பாடத்தைக் கற்பிப்பவர்களுக்குத் தெரியாததல்ல, ஆகவே அதை அச்சிலேயே போட்டுவிட வேண்டும்.

பாடசாலை ஆலோசகர்களும், ஆண்பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரும், வைத்தியத் துறையில் தமிழ் பேசுவோரைப் பார்ப்பவர்களும் இப்போதுள்ள நிலையிலேயே இதில் சேரலாம். உளவியல் அமர்வுகளுக்காகவே கட்டணம் தகும். சமூகவியலை ஆழமாகத் தேடுபவர்கள், இரு ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தும் அமர்வுகள் அடுத்த தொகுதியில் உண்டா என்று பதிவுக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். வட்ஸ்அப் மூலம்தான் பதிவு. அன்றைக்கே பதில் வரும்.